ஜாக் த ரிப்பர்: கொலைகாரனுக்குப் பெயர் வைத்தது யார்?

'ஜாக் த ரிப்பர்' என்ற பெயர் முதன்முதலாக எழுதப்பட்டது 1888 செப்டம்பர் கடைசி வாரத்தில், லண்டனில், சிவப்பு மையில் எழுதிய ஒரு கடிதத்தில். கிழக்கு லண்டனில் பெண்களைக் கொன்றவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் அது என்றுதான் பலரும் இன்றும் நினைக்கிறார்கள். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் மூத்த அதிகாரிகள் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கடிதம் ஒரு பத்திரிகைக்காரரின் வேலை என்று அவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் எழுதியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கொலைகாரன் யார் என்ற கேள்விக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் வைத்தது யார் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை நம்மிடம் இருக்கிறது. அந்த விடையைப் பின்தொடர்ந்து போனால், அந்த வழக்கைப் பற்றி நாம் தெரிந்துவைத்திருப்பதில் எவ்வளவு பத்திரிகை அலுவலகத்தில் செய்யப்பட்டது என்பதும் தெரியவரும்.

பெயர் வருவதற்கு முந்தைய சில வாரங்களை முதலில் பார்க்கவேண்டும். 1888 ஆகஸ்ட் 31 அதிகாலையில், கிழக்கு லண்டனின் வொயிட்சாப்பல் பகுதியில், பக்ஸ் ரோ தெருவில் மேரி ஆன் நிக்கல்ஸ் கொல்லப்பட்டுக் கிடந்தார். வயது 43. ஐந்து பிள்ளைகள் பெற்றவர். பொது விடுதியில் ஒரு இரவு படுக்க நாலு பென்னி வேண்டும். அது கையில் இல்லாததால் அன்றிரவு அவரை வெளியே அனுப்பியிருந்தார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில் ஆனி சாப்மன். அவரிடமும் அன்றிரவு படுக்கைக்குக் காசில்லை. இவர்களுக்கு முன்பே ஏப்ரலில் எம்மா ஸ்மித், ஆகஸ்ட் 7ஆம் தேதி மார்த்தா டாப்ரம் என்று அதே வட்டாரத்தில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே கை செய்ததா என்பது யாருக்கும் தெரியாது. எம்மா ஸ்மித் சாவதற்கு முன், தன்னைத் தாக்கியது ஒரு கும்பல் என்றே சொல்லியிருந்தார். பத்திரிகைகளோ நான்கையும் ஒரே கதையாகக் கோத்துவிட்டன. அந்தக் கதைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டான்.

முதலில் கிடைத்த ஆளுக்குப் பெயர் 'லெதர் ஏப்ரன்'. தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சத்தமில்லாத செருப்புப் போட்டு, இரவில் பெண்களை மிரட்டிக் காசு பறிக்கும் யூதன் ஒருவன் என்று தி ஸ்டார் என்ற மாலைப் பத்திரிகை செப்டம்பர் 5ஆம் தேதி விலாவாரியாக எழுதியது. மூன்றே நாளில் ஆனி சாப்மனின் உடல் கிடந்த அதே முற்றத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நனைந்த தோல் ஏப்ரன் ஒன்று கிடைத்தது. அது அந்த வீட்டில் குடியிருந்த ஒரு அம்மாவின் மகனுடையது. அந்த அம்மாதான் அதைத் துவைத்துப் போட்டிருந்தார். ஆனால் அந்தச் செய்தி வருவதற்குள் கிழக்கு லண்டன் கொதித்துப் போயிருந்தது. ரஷ்யப் பேரரசில் 1881க்குப் பிறகு நடந்த தாக்குதல்களிலிருந்து தப்பி வந்த ஏழை யூதர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறியிருந்த பகுதி அது. தெருக்களில் கூட்டம் கூடி, கண்ணில் பட்ட யூதர்களையெல்லாம் விரட்டியது. செப்டம்பர் 10ஆம் தேதி ஜான் பைசர் என்ற போலந்து யூதக் காலணித் தொழிலாளி, 'லெதர் ஏப்ரன்' இவர்தான் என்று கைது செய்யப்பட்டார். நிக்கல்ஸ் கொல்லப்பட்ட இரவில் அவர் ஹாலோவே பகுதியில், பல மைல் தள்ளி இருந்தார். துறைமுகத்தில் அன்றிரவு பற்றிய தீயின் வெளிச்சத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரரிடமே பேச்சுக் கொடுத்திருந்தார். விசாரணையில் அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்றானது.

'லெதர் ஏப்ரன்' செத்துவிட்டது. கொலைகள் மட்டும் தீரவில்லை.

இந்த இடத்தில் அன்றைய பத்திரிகைத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரிட்டனில் பத்திரிகை முத்திரை வரி 1855இலும் காகித வரி 1861இலும் ஒழிந்தன. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு எழுதப் படிக்கத் தெரிந்த ஏழைகள் பெருகினார்கள். தி ஸ்டார் 1888 ஜனவரியில்தான் தொடங்கப்பட்டது; விலை அரை பென்னி. அதன் ஆசிரியர் டி. பி. ஓகானர் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. இப்படிப்பட்ட மலிவு விலை மாலைப் பத்திரிகைக்குத் தெருவில் கூவி விற்கும் சிறுவன்தான் உயிர்நாடி. அவன் கூவுவதற்குத் தினமும் ஒரு வரி வேண்டும். செப்டம்பர் 8க்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று வாரம் கொலை எதுவும் நடக்கவில்லை. கையிலிருந்த ஒரே பட்டப்பெயரும் போய்விட்டது.

அந்த இடைவெளியில் வேறு ஒரு பேச்சு எழுந்தது. நான்கு பென்னி இல்லாதவள் நள்ளிரவில் தெருவுக்குத் தள்ளப்படுகிறாளே, அந்தத் தெருக்களை இத்தனை ஆண்டுகளாக யார் கவனித்தார்கள் என்ற பேச்சு. தி ஸ்டாருக்கே செப்டம்பர் 24ஆம் தேதி ஜார்ஜ் பெர்னார்ட் ஷா ஒரு கடிதம் எழுதினார். சீர்திருத்தவாதிகள் ஆண்டுக்கணக்கில் கத்தியும் திரும்பிப் பார்க்காத மேல்தட்டு லண்டன், சில பெண்களின் உடல்கள் கிழிக்கப்பட்டதும் கிழக்கு லண்டனின் வறுமையைப் பார்க்கிறதே என்று கொதித்திருந்தார். செப்டம்பர் 29ஆம் தேதி பஞ்ச் என்ற நகைச்சுவை இதழில் ஜான் டெனியல் வரைந்த கேலிச்சித்திரம் வந்தது. கையில் கத்தியோடு சேரிச் சந்தில் மிதந்து வரும் ஒரு பேய் உருவம். கவனிக்காமல் விட்டதற்கு வந்த தண்டனை என்பதுதான் அந்தப் படத்தின் பொருள். அதாவது, செப்டம்பர் கடைசி வரையில் கொலைகாரனுக்கு முகம் கிடையாது; அவன் அந்தச் சேரியின் நிலைமையே உருவெடுத்து வந்தவன் என்று சொல்ல முடிந்தது. படம் வெளியான அதே நாளில் ஸ்காட்லாந்து யார்டுக்கு ஒரு உறை போய்ச் சேர்ந்தது.

உறைக்குள் இருந்தது 'டியர் பாஸ்' என்று தொடங்கும் கடிதம். செப்டம்பர் 25 என்று தேதியிட்டு, 27ஆம் தேதி அஞ்சல் முத்திரையோடு, சென்ட்ரல் நியூஸ் என்ற செய்தி நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் இரண்டு நாள் அதை வைத்திருந்துவிட்டு, 'இது வேடிக்கையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது' என்ற குறிப்போடு போலீசுக்கு அனுப்பியது.

கடிதத்தின் தொனி துள்ளலானது. போலீஸ் என்னைப் பிடித்துவிட்டதாகக் கேள்விப்படுகிறேன், இன்னும் நெருங்கக்கூட இல்லை என்கிறது. லெதர் ஏப்ரன் விஷயம் தனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பை மூட்டியது என்கிறது. வேசிகளின் மேல் தனக்கு வெறுப்பு, மாட்டும்வரை அவர்களைக் கிழிப்பதை நிறுத்தப்போவதில்லை என்கிறது. எழுதுவதற்காகப் போன தடவை இஞ்சி பீர் பாட்டிலில் கொஞ்சம் ரத்தம் பிடித்து வைத்ததாகவும், அது பசை மாதிரி கெட்டியாகிவிட்டதால் சிவப்பு மையே போதுமென்று விட்டுவிட்டதாகவும் சொல்லி, 'ஹா ஹா' என்று சிரிக்கிறது. அடுத்த தடவை பெண்ணின் காதுகளை அறுத்துப் போலீசுக்கு அனுப்புவேன், இந்தக் கடிதத்தை நான் இன்னும் கொஞ்சம் வேலை செய்யும்வரை நிறுத்திவைத்து, பிறகு அப்படியே வெளியிடுங்கள் என்கிறது. கடைசியில் 'ஜாக் த ரிப்பர்' என்று கையெழுத்து. அதற்கும் கீழே, தொழில் பெயரைக் கொடுப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு வரி.

கடிதம் போலீஸ் கைக்கு வந்த சில மணி நேரத்தில், செப்டம்பர் 30 அதிகாலை, இரண்டு கொலைகள் நடந்தன. ஒரு மணி அளவில் பெர்னர் தெருவில் எலிசபெத் ஸ்ட்ரைட். சுவீடனில் பிறந்து லண்டனுக்கு வந்தவர். முக்கால் மணி நேரம் கழித்து மைட்டர் சதுக்கத்தில் கேதரின் எடோஸ். கென்ட் பகுதியில், பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப் பறிக்கும் கூலிவேலைக்குப் போய்விட்டுச் சில நாள் முன்புதான் துணைவரோடு திரும்பியிருந்தார். குடித்திருந்ததால் பிஷப்ஸ்கேட் போலீஸ் நிலையத்தில் அடைக்கப்பட்டு, இரவு ஒரு மணிக்கு வெளியே விடப்பட்டவர். எடோஸின் முகத்தில் இருந்த பல வெட்டுக்களில் ஒன்று காதையும் பட்டிருந்தது. அந்த ஒரு வெட்டு போதுமானதாகிவிட்டது. வேடிக்கை என்று ஒதுக்கிய கடிதம் திடீரென்று கொலைகாரனின் வாக்குமூலமாகத் தோன்றியது.

அக்டோபர் 1ஆம் தேதி திங்கட்கிழமை கடிதத்தின் வாசகம் அச்சாகியது. அன்றே ஒரு தபால் அட்டையும் சென்ட்ரல் நியூசுக்கு வந்தது. அதில் தன்னை 'சாசி ஜாக்கி', அதாவது குறும்புக்கார ஜாக்கி என்று அழைத்துக்கொண்டு, இந்தத் தடவை இரட்டை நிகழ்ச்சி, காதுகளை எடுக்க நேரமில்லை, முந்தைய கடிதத்தை நிறுத்திவைத்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. கொலைச் செய்தி ஞாயிற்றுக்கிழமையே ஊரெல்லாம் பரவிவிட்டதால், இரண்டு கொலைகளைப் பற்றி எழுத யாருக்கும் தனி அறிவு தேவைப்படவில்லை. காதுக்கு நேரமில்லை என்பதும் ஒட்டவில்லை. எடோஸின் உடலிலிருந்து ஒரு சிறுநீரகத்தையும் கருப்பையையும் எடுத்துப் போக நேரமிருந்தவனுக்குக் காதை அறுக்கவா நேரமில்லை?

அப்புறம் போலீஸ் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. கையெழுத்தை யாராவது அடையாளம் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில், கடிதத்தையும் அட்டையையும் அச்சு மாறாமல் நகலெடுத்து அக்டோபர் 3ஆம் தேதி சுவரொட்டியாக ஒட்டினார்கள். பத்திரிகைகளும் அதை வாங்கிப் போட்டன. அடையாளம் காட்ட யாரும் வரவில்லை. ஆனால் கடிதங்கள் வந்தன. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், நூற்றுக்கணக்கில், அதே சிவப்பு மை, அதே 'பாஸ்', அதே கையெழுத்தோடு. பிராட்ஃபோர்டில் 21 வயதுப் பெண் ஒருவர் இப்படி எழுதியதற்காகக் கைதானார். ஒரே வாரத்தில் அந்தப் பெயர் யாருடைய சொத்தும் இல்லை என்றாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் அது இவ்வளவு வேகமாக ஒட்டியது? ஜாக் என்பது ஆங்கிலேயர்களுக்கு வெறும் ஆள் பெயர் மட்டுமல்ல. 1724இல் திரும்பத் திரும்பச் சிறையிலிருந்து தப்பி, கடைசியில் டைபர்னில் தூக்கிலிடப்பட்ட திருடன் ஜாக் ஷெப்பர்ட். 1774இல் தூக்கில் போன வழிப்பறிக்காரன் 'பதினாறு நாடா ஜாக்'. அதற்கும் முந்தைய நூற்றாண்டின் கொடூரமான தூக்குத் தண்டனையாளர் ஜாக் கெட்ச். 1837, 1838 வாக்கில் லண்டன் ஓரங்களில் பெண்களைப் பயமுறுத்தியதாகப் பேசப்பட்ட, சுவர் தாண்டிக் குதிக்கும் 'ஸ்பிரிங் ஹீல்ட் ஜாக்'. இவர்கள் கதையெல்லாம் தெருப்பாட்டிலும் மேடையிலும் ஒரு பென்னிக் கதைப்புத்தகங்களிலும் சாகாமல் இருந்தன. சட்டத்துக்குத் தண்ணி காட்டிவிட்டு ஓடுகிறவன், மக்கள் பயப்படவும் செய்வார்கள், உள்ளூர ரசிக்கவும் செய்வார்கள், அவன் பெயர் ஜாக். 'ரிப்' என்றால் கிழிப்பது. அந்தச் சொல்லும் அப்போது காற்றில் இருந்தது. 1880களில் லிவர்பூலில் 'ஹை ரிப்' என்று ஒரு ரவுடிக் கும்பலைப் பற்றிப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதின. வொயிட்சாப்பல் கொலைகளுக்கும் அப்படி ஒரு கும்பல்தான் காரணமோ என்று தொடக்கத்தில் ஊகித்தும் இருக்கிறார்கள். பழைய கதாநாயகனின் முதல் பெயரும், அன்றைய செய்தித்தாளின் பயங்கரமும் சேர்ந்தது. 'லெதர் ஏப்ரன்' ஒரு ஆளைச் சுட்டியது. அந்த ஆளைக் கண்டுபிடித்து விடுவித்ததும் பெயர் செத்தது. 'ஜாக் த ரிப்பர்' யாரையும் சுட்டவில்லை. அதனால் அதைப் பொய்யென்று நிரூபிக்கவே முடியாது. தலைப்பு எழுதத் தெரிந்த ஒருவரின் கைவண்ணம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணங்கள் இன்னும் வலுவானவை. கடிதம் யாருக்கு வந்தது என்று பாருங்கள். வொயிட்சாப்பலில் வாழும் ஒருவன் போலீசுக்கு எழுதுவான். இல்லையென்றால் தான் தினமும் பார்க்கிற பத்திரிகைக்கு எழுதுவான். இந்தக் கடிதமோ பத்திரிகைகளுக்குத் தந்தி வழியாகச் செய்தி விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வந்தது. ஒரே இடத்தில் கொடுத்தால் எல்லாப் பத்திரிகைக்கும் போய்விடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம், வாசகர்களுக்குப் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பெயர்கூடத் தெரியாது. 'நிறுத்திவைத்து, பிறகு வெளியிடுங்கள்' என்பதும் செய்தி அறையில் புழங்கும் பேச்சு. பின்குறிப்பில் 'இப்போது என்னை டாக்டர் என்கிறார்கள்' என்று வருகிறது. ஆனி சாப்மன் மரண விசாரணையில் கொலைகாரனுக்கு உடற்கூறு அறிவு இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். செப்டம்பர் 26ஆம் தேதி விசாரணை அதிகாரி வின் பாக்ஸ்டர், உடலுறுப்புகளை விலைகொடுத்து வாங்கத் தேடிய ஒரு அமெரிக்கரைப் பற்றியும் சொன்னார். கடிதம் அடுத்த நாள் தபாலில் சேர்கிறது. 'பாஸ்' என்று அழைப்பதும் அன்று அமெரிக்கப் பேச்சாகவே கருதப்பட்டது. வழக்கின் செய்திகளை நாள் தவறாமல் தொடர்ந்த ஒருவர் எழுதியது அது.

அந்த ஒருவர் யார்? 1910இல் தன் நினைவுக் குறிப்புகளில் ராபர்ட் ஆண்டர்சன், 1888இல் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைவராக இருந்தவர், அந்தக் கடிதம் துணிச்சலான ஒரு லண்டன் பத்திரிகையாளரின் படைப்பு என்று எழுதினார். 1889இல் யார்டில் சேர்ந்த மெல்வில் மெக்நாட்டன் 1914இல் இன்னும் ஒரு படி மேலே போய், அதில் பத்திரிகையாளரின் மைபடிந்த விரல் தெரிகிறது என்றும், ஓராண்டு கழித்து எழுதியவர் யாரென்று தனக்கு வலுவான சந்தேகம் வந்தது என்றும் சொன்னார். இருவரும் பெயர் சொல்லவில்லை.

பெயர் சொன்னவர் ஜான் லிட்டில்சைல்ட், யார்டின் சிறப்புப் பிரிவின் முன்னாள் தலைவர். 1913 செப்டம்பரில் ஜார்ஜ் ஆர். சிம்ஸ் என்ற பத்திரிகையாளருக்கு அவர் எழுதிய கடிதம் எண்பது ஆண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1993இல் ஸ்டுவர்ட் எவன்ஸ் என்ற ஆய்வாளர் கைக்கு வந்தது. 'ஜாக் த ரிப்பர்' என்ற பெயரை உருவாக்கியது சென்ட்ரல் நியூசின் டாம் புல்லன் என்றுதான் யார்டில் பொதுவாக நம்பினார்கள், அவருடைய மேலதிகாரி மூர் அந்தப் பெயரை உருவாக்கியிருக்கவும் வாய்ப்புண்டு என்று எழுதியிருக்கிறார். அது கெட்டிக்காரத்தனமான பத்திரிகை வேலை என்று பாராட்டவும் செய்கிறார். இவர் புல்லன் என்று எழுதியவரின் உண்மையான பெயர் தாமஸ் புல்லிங். யார்டுக்குள் அவரளவுக்குச் சலுகை பெற்ற பத்திரிகையாளர் வேறு யாருமில்லையாம். குடிப்பழக்கம் இருந்தது. ஜெர்மானியத் தலைவர் பிஸ்மார்க் இறந்த செய்தி முன்கூட்டியே கிடைத்தும், போதையில் அலுவலகத்துக்குப் போகாமல் கெட்ட வார்த்தை சேர்த்து ஒரு வரித் தந்தி அடித்ததால் வேலை போனது என்றும் லிட்டில்சைல்ட் சொல்கிறார்.

முதல் கடிதத்தைப் போலீசுக்கு அனுப்பிவைத்தவரும் இதே புல்லிங்தான். அக்டோபர் 5ஆம் தேதி மூன்றாவது கடிதம் ஒன்று வந்ததாகச் சொல்லி அவர் யார்டுக்கு அனுப்பினார். விசித்திரம் என்னவென்றால், மூலக் கடிதத்தை அனுப்பவில்லை. தன் கையால் நகலெடுத்து, உறையை மட்டும் அசலாக அனுப்பினார். நாடே தேடும் கொலைகாரனின் கடிதத்தை ஒருவர் ஏன் கையால் நகலெடுத்து அனுப்பவேண்டும் என்பதற்கு நல்லெண்ணமான விளக்கம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

தி ஸ்டார் பத்திரிகையின் நிருபர் ஃபிரெட் பெஸ்டும் இந்தப் போட்டியில் இருக்கிறார். 1931இல் அவர் இன்னொரு பத்திரிகையாளரிடம், வியாபாரம் படுத்துவிடாமல் இருக்கக் கடிதங்களைத் தானும் ஒரு சக நிருபரும் சேர்ந்து எழுதியதாக ஒப்புக்கொண்டார் என்று 1960களில் ஒரு இதழில் செய்தி வந்தது. மூன்றாம் மனிதர் வாய்வழியாகப் பல பத்தாண்டு கழித்து வந்த செய்தி. அதற்கு நான் அதிக எடை கொடுக்கமாட்டேன். 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மொழியியலாளர் ஆண்ட்ரியா நினி, ரிப்பர் பெயரில் வந்த இருநூற்றுச் சொச்சம் வாசகங்களைக் கணினி வழியாக ஒப்பிட்டார். 'டியர் பாஸ்' கடிதத்தையும் 'சாசி ஜாக்கி' அட்டையையும் எழுதியது ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு. செய்தியை நிறுத்திவைப்பதைக் குறிக்கும் சொற்சேர்க்கையை இரண்டும் ஒரே மாதிரிப் பயன்படுத்துவது அவர் காட்டிய அடையாளங்களில் ஒன்று. புல்லிங் நகலெடுத்து அனுப்பிய மூன்றாவது கடிதமும் இந்த இரண்டோடு சேர்கிறது என்றும் அவர் சொல்கிறார். ஆக, பெயரைப் பிறப்பித்த மூன்றும் ஒரே மேசையைச் சுற்றி வருகின்றன, அந்த மேசை சென்ட்ரல் நியூசில் இருந்தது. நீதிமன்றத்தில் இது போதாமல் போகலாம். எனக்குப் போதும்.

அக்டோபர் 16ஆம் தேதி வொயிட்சாப்பல் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்கிற்குப் பாதிச் சிறுநீரகத்தோடு ஒரு கடிதம் வந்தது. அந்த வழக்கின் கடிதங்களில் உண்மையாக இருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கப்படுவது பெரும்பாலும் அது ஒன்றுதான். அதில் 'ஜாக் த ரிப்பர்' என்ற கையெழுத்து இல்லை. அப்போது அந்தப் பெயர் ஊரெல்லாம் இரண்டு வாரமாகப் புழங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நவம்பர் 9ஆம் தேதி மில்லர்ஸ் கோர்ட்டில், தன் அறைக்குள்ளேயே மேரி ஜேன் கெல்லி கொல்லப்பட்டார். அதற்குள் ஷாவும் பஞ்ச் சித்திரமும் எழுப்பிய பேச்சு பின்னுக்குப் போயிருந்தது. சேரியைப் பற்றிக் கேள்வி கேட்க முடிந்த இடத்தில், சிரிக்கத் தெரிந்த, சவால் விடுகிற, கத்தியைக் கொஞ்சுகிற ஒரு கதாபாத்திரம் வந்து நின்றுவிட்டது. நீளமான தொப்பியும் மேலங்கியும் பிற்பாடு படங்கள் போர்த்திவிட்டவை. ஆனால் அவற்றைப் போர்த்திக்கொள்ளும் உருவத்தை அந்தக் கடிதம்தான் செய்துகொடுத்தது.

என்னை அதிகம் உறுத்துவது கடிதத்தின் இன்னொரு வரி. வேசிகள்மேல் தனக்கு வெறுப்பு என்று அது சொல்கிறதே, அது கொலைகாரனின் நோக்கமாகவே பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. எழுதியது செய்தி நிறுவன ஊழியர் என்றால், கொலைகாரனின் நோக்கத்தைப் பற்றி அந்த வரி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. 2019இல் வந்த ஒரு வரலாற்று ஆய்வு, நிக்கல்ஸ், சாப்மன், எடோஸ் மூவரும் பாலியல் தொழிலில் இருந்தார்கள் என்பதற்குத் தகுந்த சான்றே இல்லை என்று வாதிடுகிறது. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அச்சுத் தொழிலாளியின் மனைவி, வண்டியோட்டியின் மனைவி, ஹாப் பறிக்கும் கூலி என்று அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, ஒரு பொய்க் கடிதத்தில் வந்த வசைச்சொல்லால் அவர்களை நூறாண்டுக்கு மேல் அடையாளம் காட்டியிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை.

பெயர் லண்டனோடு நிற்கவில்லை. கேரளத்தில் தூங்குபவர்களைத் தலையில் அடித்துக் கொன்ற சந்திரனைப் பத்திரிகைகள் 'ரிப்பர்' சந்திரன் என்றே அழைத்தன. அவர் 1991இல் கண்ணூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுத்தியலால் அடித்தவருக்குக் கிழிப்பவன் என்ற பெயர் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

இதைவிட மோசமானது, பத்திரிகைக்காரர் கற்பனையில் செய்ததை உண்மையான கொலைகாரர்கள் பின்பற்றத் தொடங்கியது. 1969இல் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதித் தனக்கு 'சோடியாக்' என்று பெயர் சூட்டிக்கொண்டவன், 1974இல் கன்சாசில் தனக்கு 'பி.டி.கே.' (கட்டு, வதை, கொல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்துக்கொண்ட டென்னிஸ் ரேடர், 1977இல் நியூயார்க்கில் 'சன் ஆஃப் சாம்' என்று எழுதிய டேவிட் பெர்கோவிட்ஸ். கொலைகாரன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவான், ஒரு பட்டப்பெயரில் கையெழுத்துப் போடுவான் என்ற வழக்கத்துக்கு மாதிரி 1888இல் வந்த அந்த ஒரே கடிதம்தான்.

இங்கிலாந்திலேயே அது உயிர்களைக் காவு வாங்கியது. 1975க்கும் 1980க்கும் இடையில் வடக்கு இங்கிலாந்தில் பீட்டர் சட்க்ளிஃப் 13 பெண்களைக் கொன்றார். பத்திரிகைகள் அவருக்கு 'யார்க்‌ஷயர் ரிப்பர்' என்று பெயர் வைத்தன. 1978இல் விசாரணையை நடத்திய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு 'ஜாக் த ரிப்பர்' என்ற கையெழுத்தோடு கடிதம் வந்தது. 1979 ஜூனில் 'நான் ஜாக்' என்று தொடங்கும் ஒலிநாடாவும் வந்தது. பேசியவரின் உச்சரிப்பு சண்டர்லாந்து பக்கத்தது. போலீஸ் அதை நம்பி, அந்த உச்சரிப்பு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்தது. போலீஸ் ஒன்பது முறை விசாரித்த சட்க்ளிஃப் யார்க்‌ஷயர்க்காரர். ஒலிநாடா வந்த பிறகு பார்பரா லீச், மார்கரீட் வால்ஸ், ஜாக்குலின் ஹில் என்ற மூன்று பெண்கள் அவர் கையால் இறந்தார்கள்.

ஒலிநாடாவில் பேசிய ஜான் ஹம்பிள், பழைய கடித உறையில் இருந்த எச்சிலின் டி.என்.ஏ. மூலம் பிடிபட்டு 2006இல் எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2020 நவம்பரில் சட்க்ளிஃப் இறந்தபோது, கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அந்த நாளில் தங்கள் அதிகாரிகள் பேசிய மொழிக்காக மேற்கு யார்க்‌ஷயர் போலீஸ் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் அந்தக் கொலைகளைப் பற்றி ஓர் ஆவணத் தொடர் வரவிருந்தது. அதன் தலைப்பில் 'ரிப்பர்' என்ற சொல் இருக்கக்கூடாது, அது கொலைகாரனைத்தான் பெருமைப்படுத்துகிறது என்று குடும்பத்தினர் கடிதம் எழுதினார்கள். தொடர் அந்தப் பெயரிலேயே வெளியானது.